கட்டத்துக்கு வெளியே வளர்ந்த ஊர்

அல்ஜீரியாவின் வடகிழக்கில், ஔரஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் டிம்காட் என்ற பாழூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே உள்ள மேட்டுநிலம். பகலில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் பனி கொட்டும். ஊரின் நடுவே மன்றவெளி. அங்கே ஒரு கல்லில் யாரோ லத்தீன் எழுத்துகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போவது, குளிப்பது, விளையாடுவது, சிரிப்பது, வாழ்க்கை என்றால் இவ்வளவுதான் என்பது அதன் பொருள்.

டிம்காட்டைப் பற்றி எழுதுபவர் யாரும் இந்தக் கல்லைத் தாண்டிப் போவதில்லை. சுற்றுலாக் கையேடுகள் இதை ஒரு தத்துவமாகவே ஆக்கிவிட்டன. ஆனால் எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரியும். வரிக்கு இரண்டு தொகுதி, தொகுதிக்கு ஆறு எழுத்து, மூன்று வரி. ஆக 36. பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஒரு ரோமானிய ஆட்டத்துக்கு 36 கட்டங்கள் வேண்டும். கட்டம் போடுவதற்குப் பதிலாக எழுத்துகளையே கட்டமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் பேரரசின் பல ஊர்களில் இருந்தது. அந்த வாசகம் ஆட்டப் பலகைதான். எழுதியவர் வாழ்வின் சாரத்தைத் தேடி அலையவில்லை, ஆறெழுத்துச் சொற்களைத் தேடியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. 'இது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல் ஹகரத்தில் தொடங்க வேண்டும். கல்லில் அந்த ஹகரம் இல்லை. பேச்சில் அந்த ஒலி எப்போதோ தேய்ந்து போயிருந்தது, காதில் விழாததைக் கை எழுதவில்லை. ஹகரம் போனதால் ஒரு எழுத்து குறைகிறது, ஆறு ஐந்தாகிவிடும். அதனால் சொல்லின் கடைசியில் இன்னொரு ககரத்தைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் பார்த்தால் பிழை என்பார். ஆட உட்கார்ந்தவர்களுக்கு 36 வந்தால் போதும்.

இந்த ஊரே ஒரு கட்டப் பலகையாகத்தான் தொடங்கியது. டிம்காட் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் முதலில் வருவது வானத்திலிருந்து எடுத்த படம். சதுரங்கப் பலகை போல ஒரே அளவுச் சதுரங்கள், நூல் பிடித்த தெருக்கள், நடுவில் இரண்டு பெருவீதிகள். ரோமானிய நகரத் திட்டத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஊரில் பிறந்து செத்த ஒருவர்கூட அதை அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது தெருமுனையையும், எதிர்வீட்டுச் சுவரையும், தெற்கே நிற்கும் மலையையும்தான்.

கி.பி. 100. ரோமில் டிராஜன் அரசன். நுமீடியாப் பகுதியைக் காவல் காத்தது மூன்றாம் அகஸ்டா படையணி. அதன் தலைவர் லூசியஸ் முனாட்டியஸ் கல்லஸ். அரசனின் ஆணைப்படி படையணியின் கைகளே இந்த ஊரைக் கட்டின என்று தொடக்கக் கல்வெட்டு சொல்கிறது. பணி முடித்து ஓய்வுபெறும் வீரர்களுக்கு நிலமும் வீடும் தரவேண்டும், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகளிலும் ஒரு கண் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஊர். பக்கத்துக்குச் சுமார் 350 மீட்டர் உள்ள சதுரம். உள்ளே ஏறத்தாழ 20 மீட்டர் அளவில் மனைகள். மூலைகள் வளைந்த மதில். முகாம் போட்டே பழகிய கை ஊர் போட்டாலும் முகாம் போலத்தான் வரும்.

வைத்த பெயரும் முகாம் அணிவகுப்புப் போலவே இருந்தது: கொலோனியா மார்சியானா உல்பியா டிராஜானா தமுகாடி. டிராஜனின் தமக்கை மார்சியானா, குடும்பப் பெயர் உல்பியஸ், பிறகு அவனது சொந்தப் பெயர். மூன்று மரியாதைகளையும் சொல்லி முடித்த பிறகு கடைசியில் தயங்கி நிற்கிறது தமுகாடி. அது லத்தீன் அல்ல, அந்த மண்ணின் பெர்பர் மக்களிடமிருந்து வந்த பெயர். வெட்டவெளியில் புதிதாகக் கட்டிய ஊர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்றால், அதைச் சொல்லி அழைக்க அங்கே ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

கட்டம் போட்டு ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் ஊர் கட்டத்தை மீறிவிட்டது. கோதுமையும் ஒலிவ எண்ணெயும் பணமாக மாறின, மக்கள் பெருகினார்கள். மதில் இடைஞ்சலாகத் தெரிந்தது, இடித்தார்கள். மதில் நின்ற இடம் பெரிய வீடுகளுக்கு மனையாயிற்று. எல்லைக்கு அப்பால் புறநகர்கள் முளைத்தன, அங்கே தெருக்கள் பாதை போன போக்கில் வளைந்தன. ஊரின் முதன்மைக் கோயிலான காபிட்டோலுக்கே உள்ளே இடம் கிடைக்கவில்லை. தென்மேற்கில் வெளியே, சதுரத்தின் கோடுகளோடு ஒட்டாமல் ஒரு சாய்வில் நிற்கிறது அது. அதன் தூண்கள் ஏறத்தாழ 14 மீட்டர் உயரம். இரண்டை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வானத்துப் படத்தில் கண்ணை முதலில் இழுப்பது சதுரம் என்றால், தரையில் நடப்பவரின் கண்ணை இழுப்பது சதுரத்துக்கு வெளியே உள்ளவைதான்: கோயில், பெரிய குளியல் மண்டபங்கள், சந்தை, பிற்காலத்துப் பேராலயம், கோட்டை.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தச் சிறிய ஊரில் குறைந்தது 14 பொதுக் குளியல் கூடங்கள் கிடைத்திருக்கின்றன. வடக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் பெரிய கூடம் மட்டும் சுமார் 80 மீட்டர் நீளம். சூடேற்றத் தரைக்கு அடியில் நெருப்புக் காற்று ஓடும் வெற்றிடம், சுவருக்குள் குழாய், விறகு அடுக்க அடித்தள வழி. மன்றவெளிக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை இருந்தது. அதன் கல் இருக்கைகளுக்கு நடுவே கைவைத்துக்கொள்ள டால்ஃபின்களைச் செதுக்கியிருந்தார்கள். கடலைக் காண நாட்கணக்கில் வடக்கே போகவேண்டிய மேட்டுநிலத்து ஊரில் டால்ஃபின். கல்தச்சன் அதை உயிரோடு பார்த்திருப்பானா என்பது சந்தேகம்.

பெருவீதிகளின் தளக்கற்களைத் தெருவுக்கு நேராகப் போடாமல் மூலைவாட்டில் பதித்திருக்கிறார்கள். சக்கரம் கல் இடுக்கில் ஓடிச் சிக்கக் கூடாது என்பதற்காக என்பார்கள். அப்படியும் வண்டிகள் விடவில்லை. இரு பக்கமும் இரண்டு பள்ளங்கள், நூற்றாண்டுக் கணக்கில் ஒரே தடத்தில் போய்வந்த இரும்புப் பட்டைகளின் வேலை. திட்டக்காரரின் கோட்டைவிட அந்தத் தடம் கல்லில் ஆழமாக இருக்கிறது.

செல்வர்கள் ஊருக்குச் செலவு செய்தார்கள். அது விருப்பமும் கட்டாயமும் கலந்த பழக்கம். கொடுத்தால் பெயர் கல்லில் ஏறும், கொடுக்காவிட்டால் ஊர் வாயில் ஏறும். ரோகாட்டியானுஸ் என்ற செனட் தகுதி பெற்ற ஒருவர் தன் உயிலில் நூலகம் கட்ட 4,00,000 செஸ்டர்ஸ் எழுதி வைத்தார். குதிரைவீரர் வகுப்பு எனப்படும் மேட்டுக்குடியில் ஒருவர் சேர வேண்டுமானால் காட்டவேண்டிய சொத்து மதிப்பும் அதே 4,00,000 தான். ஒரு மனிதனின் தகுதிக்கு எவ்வளவோ அவ்வளவு ஓர் ஊரின் நூலகத்துக்கு. அரைவட்டக் கூடம், சுவரில் மாடங்கள், அவற்றில் பாப்பிரஸ் சுருள்களை அடுக்கும் அலமாரிகள். சுமார் 3,000 சுருள்கள் வைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்வெட்டு மட்டும் கிடைக்காவிட்டால் இந்தக் கட்டடத்தை இன்றும் ஏதோ ஒரு கோயில் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். அங்கே வைத்திருந்த நூல்களில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. கொடுத்தவரின் பெயரும் தொகையும் மட்டும் முழுசாக மிஞ்சியிருக்கின்றன.

நூலகத்தைவிட மனத்தில் தைக்கும் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. 360களின் தொடக்கம். ஜூலியன் பேரரசன். நுமீடியாவின் ஆளுநர் உல்பியஸ் மாரிஸ்கியானுஸ் ஓர் ஆணையைக் கல்லில் வெட்டி ஊரில் வைத்தார். காலையில் ஆளுநருக்கு வணக்கம் சொல்ல யார் முதலில் வரலாம், யார் அடுத்து என்ற வரிசை முதல் பாதி. நீதிமன்றத்துக்கு வருபவர் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது மறுபாதி. அழைப்பாணை கொண்டுபோகும் ஊழியருக்கு ஊருக்குள் என்றால் 5 மோடியுஸ் கோதுமை. தூரம் கூடினால் அளவும் கூடும், கடல் கடக்க வேண்டுமென்றால் 100. வழக்கறிஞருக்குச் சாதாரண மனுவுக்கு 5, எதிர்வாதம் உள்ள வழக்குக்கு 10, உடனே முடிக்க வேண்டியதற்கு 15. ஒரு மோடியுஸ் என்பது ஒன்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நாணயத்தின் மேல் நம்பிக்கை போன காலம் என்பதால் கணக்கு தானியத்தில்.

இதைச் சீர்திருத்தம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். மேற்கொண்டு கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அளவைக் கல்லில் வெட்டினார்கள். ஆனாலும் படிக்கப் படிக்க ஒன்று உறைக்கிறது: நேற்றுவரை மாமூல் என்று பெயர் பெற்றிருந்தது இன்று கட்டணம் என்று பெயர் மாறி, மன்றவெளியில் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து நிற்கிறது. 5 மோடியுஸ் என்பது 40 லிட்டருக்கு மேல் கோதுமை. மலையடிவாரத்தில் குத்தகை நிலம் உழுத ஒருவர் அந்தக் கல்லின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால், வழக்கே வேண்டாம் என்று திரும்பிப் போயிருப்பார்.

அந்தக் கசப்புக்கு வேறொரு வாசல் அப்போது திறந்திருந்தது. வட ஆப்பிரிக்கக் கிறித்தவம் பல பத்தாண்டுகளாக இரண்டுபட்டுக் கிடந்தது. பேரரசு கிறித்தவர்களைத் துன்புறுத்தியபோது வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களோடு உறவில்லை என்று பிரிந்தவர்கள் டொனாட்டிஸ்டுகள். தமுகாடி அவர்களின் கோட்டை. 388 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஆயராக இருந்த ஒப்டாட்டுஸ், ரோமுக்கு எதிராகக் கிளம்பிய கில்டோ என்ற தளபதியின் கூட்டாளி. நிலவுடைமையாளரை நடுங்க வைத்தவர் என்று எதிர்த்தரப்பு எழுதி வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பில் முதன்மையானவர் ஹிப்போவின் அகஸ்டீன். 398இல் கில்டோ தோற்றான், ஒப்டாட்டுஸ் சிறையில் இறந்தார். ஊரின் மேற்குப் புறநகர்ப் பேராலயத்தில் மொசைக் பதித்த திருமுழுக்குத் தொட்டி இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது.

அவருக்குப் பின்வந்த ஆயர்களில் கௌடென்டியுஸ் வேறு வகை. ஏறத்தாழ 420இல், பேரரசின் அதிகாரி ஆலயத்தைக் கைப்பற்ற வந்தபோது, மக்களோடு உள்ளே புகுந்துகொண்டு, நெருங்கினால் ஆலயத்தோடு எரிந்து சாவோம் என்று சொல்லியனுப்பினார். அகஸ்டீன் அவரை மறுத்து ஒரு நூலே எழுதினார். அதிலிருந்துதான் கௌடென்டியுஸின் சொற்களே நமக்குத் தெரிய வருகின்றன. தோற்றவரின் குரல் வென்றவரின் மேற்கோளுக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்த கதை. அந்த மக்கள் கடைசியில் எரிந்தார்களா என்பதைக் கூறாமலே அந்நூல் முடிகிறது.

அதன்பின் கதை வேகம் பிடிக்கிறது. 429இல் வாண்டல்கள் ஆப்பிரிக்காவுக்குள் இறங்கினார்கள், ரோமானிய ஆட்சி குலைந்தது. ஔரஸ் மலைவாசிகள் கீழே இறங்கி ஊர்மக்களை வெளியேற்றிவிட்டு ஊரை இடித்தார்கள். எதிரி வந்து முகாம் போட இடம் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்கிறார் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ். காட்டுமிராண்டிகள் நாசமாக்கினார்கள் என்ற பழைய பாடத்தைவிட இது நம்பத் தக்கது. மலையைக் கண்காணிக்கக் கட்டிய ஊரை மலை மறந்திருக்கவில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்தும் அதன் கண்ணுக்கு அது ஒரு முகாமாகவே தெரிந்திருக்கிறது.

539இல் பைசாந்தியத் தளபதி சாலமன் வந்தார். வந்ததும் செய்த முதல் வேலை, தெற்கே பழைய நீரூற்று வழிபாட்டுத் தலம் இருந்த இடத்தில் 112 மீட்டருக்கு 67 மீட்டர் அளவில் ஒரு கோட்டை. கல்லுக்கு எங்கும் அலையவில்லை. நகரத்துக் கட்டடங்களிலும் கல்லறைகளிலும் பெயர்த்தெடுத்தார்கள். ஊரைக் கல்லாக எண்ணிக் கட்டிய கோட்டை அது. 640களில் கட்டிய ஓர் ஆலயத்தின் கல்வெட்டு வரை மக்கள் இருந்ததற்குத் தடயம் உண்டு. அதே காலத்தில் அரபுப் படைகள் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தன. பிறகு யாரும் இல்லை. மலையிலிருந்து வழிந்த மண்ணும் காற்று கொண்டுவந்த மணலும் ஊரை மூடின. தூண்களின் தலைகளும் மேற்கு வாசல் வளைவின் மேற்பாதியும் மட்டும் வெளியே நின்றன.

1765இல் அல்ஜியர்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ் அந்தத் தூண்தலைகளைப் பார்த்தார். கூட ஓவியர் பலுகானி. வளைவை வரைந்தார்கள், போனார்கள். பின்னாளில் நீல நைலின் ஊற்றைத் தேடி எத்தியோப்பியா போய்த் திரும்பிய புரூஸ் சொன்ன கதைகளை லண்டன் நம்பவில்லை, கேலி செய்தது. நம்பத்தகாதவர் என்று பெயர் வாங்கிய ஒருவர் பார்த்த ஊர், இன்னொரு நூற்றாண்டு மண்ணுக்குள் சும்மா கிடந்தது.

1830இல் அல்ஜீரியாவைப் பிடித்த பிரான்ஸ், 1881இல் டிம்காட்டைத் தோண்டத் தொடங்கியது. 1889 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டு பொறுப்பில் இருந்தவர் கட்டடக் கலைஞர் அல்பேர் பல்லு. மண்ணை அகற்றினார், சுவர்களை நிமிர்த்தினார், ஊரை உலகத்துக்குக் காட்டினார். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் என்ன தேடினார்கள் என்பதும் முக்கியம். ஆப்பிரிக்காவில் ரோமின் வாரிசு தாங்கள்தான் என்று பிரெஞ்சு ஆட்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காலம். வாரிசுக்குச் சொத்துப் பத்திரம் வேண்டும். நேர்கோட்டுத் தெருக்கள் பத்திரம், வளைவும் மன்றவெளியும் பத்திரம். அவற்றின் மேல் பிற்கால மக்கள் எழுப்பிய ஒட்டுச் சுவர்களும், தெருவை அடைத்துக் கட்டிய குடிசைகளும், அடுப்புகளும் பத்திரத்தில் படிந்த அழுக்கு. அவை பெரும்பாலும் சரியான பதிவுகூட இல்லாமல் அள்ளிக் கொட்டப்பட்டன. வானத்துப் படத்தில் சதுரங்கம் அவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்கு ரோமானியரின் அளவுகோல் பாதிக் காரணம், பல்லு காலத்து மண்வெட்டி மீதிக் காரணம்.

டிம்காட்டுக்கு மேற்கே, சுமார் 25 கிலோமீட்டரில், படையணியின் தலைமை முகாமாக இருந்த லம்பேசிஸ். அந்த முகாமின் ஒரு பகுதிமேல் பிரெஞ்சுக்காரர்கள் சிறைச்சாலை கட்டினார்கள். 1848 பாரிஸ் எழுச்சியில் பிடிபட்டவர்களைக் கொண்டுவந்து அடைத்தது அந்த ஊரில்தான். வாரிசுரிமையின் இன்னொரு பக்கம்.

1954 நவம்பர் முதல் தேதி அதிகாலையில் அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தபோது, அதன் முதல் துப்பாக்கிச் சத்தங்கள் ஔரஸ் மலைகளிலும் கேட்டன. டிராஜன் கண் வைக்கச் சொன்ன அதே மலைகள். 1950களின் இறுதியோடு பெரிய அகழாய்வு நின்றது. சுதந்திர அல்ஜீரியா 1960களிலிருந்து பழைய அரங்கத்தில் இசைவிழா நடத்தியது. 3,500 பேர் உட்காரக்கூடிய, குன்றின் சரிவைக் குடைந்து எடுத்த அரங்கம் அது. படிகள் தேய்வதைக் கண்டு விழாவைப் பக்கத்திலேயே கட்டிய புதிய மேடைக்கு மாற்றிவிட்டார்கள். 1982இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஊரைச் சேர்த்தது. பட்டியலில் ஏறிய பெயர் டிம்காட். மார்சியானாவும் உல்பியாவும் டிராஜானாவும் கழன்றுபோய், மலைவாசிகள் சொன்ன தமுகாடி தேய்ந்து வந்த பெயர் அது.

மேற்கு வாசலில் நிற்கும் மூன்று வழி வளைவுக்கு டிராஜன் வளைவு என்று பெயர் சொல்கிறார்கள். 12 மீட்டர் உயரம், கட்டியது டிராஜன் செத்து நெடுநாள் கழித்து. அதைத் தாண்டி வெளியே வந்தால் இடப்பக்கம் செர்ட்டியுஸ் சந்தை. படைப்பிரிவுகளில் அதிகாரியாக இருந்து ஊர் திரும்பிய புளோட்டியுஸ் ஃபௌஸ்டுஸ் செர்ட்டியுஸ் தன் மனைவி டுக்கியானாவோடு சேர்ந்து மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிக்கொடுத்தது. தம்பதி இருவரின் சிலைகளையும் அங்கேயே நிறுத்திவைத்தார்கள். தாங்கள் குடியிருக்க இடித்த மதிலின் மேலேயே ஒரு மாளிகை. உள்முற்றத்தில் மீன்தொட்டி, மீன்கள் ஒதுங்க அதன் சுவரில் பதித்த சாடிகள்.

சந்தையின் ஒரு முனை அரைவட்டம். அதைச் சுற்றிக் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் இடுப்புயரத்தில் ஒரே கல்லாலான பலகை, சுவருக்குச் சுவர் அசையாமல் பதித்தது. சரக்குப் பரப்புவதும் அதன்மேல், காசு எண்ணுவதும் அதன்மேல். பக்கக் கதவு கிடையாது. கடைக்காரர் காலையில் அந்தக் கல்லுக்கு அடியில் குனிந்து நுழைந்து உள்ளே நிமிர்ந்து நிற்பார், மாலையில் குனிந்து வெளியே வருவார். பலகைகள் இப்போதும் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர் இன்றும் குனிந்துதான் போகவேண்டும்.